மில்லிமீட்டர் உட்கார்ந்த நாள்

நாற்காலி செய்கிற ஆசாரி யாராவது எங்கள் மில்லிமீட்டரைப் பார்த்திருந்தால், உளியைக் கீழே வைத்துவிட்டு வேறு பிழைப்புத் தேடப் போயிருப்பார். அப்படி ஒரு மனிதர். சுரங்கத்தில் மண் வெட்டுகிற ராட்சத யந்திரம்கூட ரிப்பேர் என்று வருஷத்தில் நாலு நாள் படுத்துக் கிடக்கும். மில்லிமீட்டர் எங்களோடு இருந்த நாலு மாதத்தில் ஒரே ஒரு நாள், அதுவும் ஐந்து நிமிஷம்தான் உட்கார்ந்தார். அந்த ஐந்து நிமிஷத்தால்தான் நான் இன்றைக்கும் நெய்வேலியில் குடியிருக்கிறேன்.

எண்பதுகளின் பின்பாதி. எங்கள் செக்‌ஷனுக்கு வேலை, யந்திரங்களுக்கான பராமரிப்புப் புத்தகம் தயாரிப்பது. எந்த போல்ட்டை எவ்வளவு இறுக்க வேண்டும், எந்த பேரிங்குக்கு எப்போது கிரீஸ் வைக்க வேண்டும் என்று பக்கம் பக்கமாக இங்கிலீஷில் அட்டவணை. எல்லாம் டைப்ரைட்டரில் அடிப்போம். கார்பன் நகல் நாலாவது பிரதிக்குப் போகும்போது எழுத்துகள் மார்கழிப் பனியில் நிற்கிற ஆடுகள் மாதிரி தெரியும். ஒரு ஃபோர்மேன் நேரிலேயே வந்து, “இதை அடிச்ச ஆளை என்கூட அனுப்புங்க, வாயால கேட்டுக்கறேன்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகுதான் மெட்ராஸிலிருந்து அந்த மிஷின் வந்தது. அச்சாபீஸில் அச்சடித்தது போலப் பக்கத்தை அழகாகத் தயாரித்துக் கொடுக்கிற கம்ப்யூட்டர். மூன்று மரப்பெட்டிகளில் மிஷின். நாலாவது உருப்படியாக, அதை மாட்டிக்கொடுக்க மில்லிமீட்டர்.

நான் அப்போது கான்டிராக்ட் டைப்பிஸ்ட். பத்தாவது படிப்பு, டைப்ரைட்டிங் ஹையர், வயது முப்பது, பெயர் செல்லையா. யாராவது என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் பின்னால் வேறு செல்லையா நிற்கிறாரா என்று திரும்பிப் பார்க்கிற சுபாவம். அப்பா சுரங்கத்தில் ஆபரேட்டராக இருந்து ரிட்டயர் ஆகிவிட்டார். குவார்ட்டர்ஸைக் காலி செய்யத் தவணை ஓடிக்கொண்டிருந்தது. நான் பர்மனென்ட் ஆனால் அதே வீட்டை என் பேருக்குக் கேட்கலாம். ஆகாவிட்டால் ஊருக்குப் போக வேண்டியதுதான். ஊர் என்பது திருநெல்வேலிப் பக்கம். நான் அங்கே நாலு கல்யாணத்துக்கும் ஒரு சாவுக்கும் போயிருக்கிறேன். எனக்கும் அந்த ஊருக்கும் அவ்வளவுதான் பழக்கம். அப்பா தினம் சாயங்காலம் ஒரு மூட்டை கட்டுவார். முதலில் பித்தளைப் பாத்திரம், அப்புறம் கம்பளி, அப்புறம் சாமி படங்கள்.

எங்கள் ஆபீசர் என்னைக் கூப்பிட்டார். டைப்பிஸ்டாக ஆரம்பித்து அந்த அறைக்குள் போனவர். அதை ஒரு நாளும் மறக்காதவர், மறக்கவிடாதவர்.

“செல்லையா, இந்த மிஷினுக்குப் பர்மனென்டா ஒரு ஆள் போடப்போறோம். ட்ரையலுக்கு நீ உக்காரு. ஒரு புத்தகம் முழுசா போட்டுக் காட்டு. மேலேருந்து வந்து பாத்து நல்லாருக்குன்னா நீ பர்மனென்ட். இல்லேன்னா மிஷின் மெட்ராசுக்கு, நீ உங்க ஊருக்கு.”

மிஷினும் நானும் அன்று முதல் ஒரே வண்டியில் கட்டிய மாடுகள் ஆனோம்.

மில்லிமீட்டர் என்னைவிட நாலைந்து வயது சின்னவர். மேல்பட்டாம்பாக்கத்துக்காரர். மெட்ராஸ் கம்பெனி அனுப்பியதால் நான் அவரை ‘சார்’ என்பேன்; வயதைப் பார்த்து அவர் என்னை ‘அண்ணே’ என்பார். ஒல்லியான உடம்பு, பெரிய செருப்பு, சட்டைப் பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் இரும்பு ஸ்கேல். வந்த முதல் நாள் ஆபீசர் தன் எதிரே இருந்த நாற்காலியைக் காட்டினார்.

“உக்காருங்க.”

“வேணாங்க சார். உக்காந்தா எனக்கு மூளை தூங்கிடுது.”

சொல்லிக்கொண்டே மேஜைமேல் கிடந்த கடிதத்தில் ஸ்கேலை வைத்தார். அது ஆபீசர் தன் கையாலேயே டைப் செய்து மேலிடத்துக்கு எழுதிய கடிதம்.

“எடது பக்கம் முப்பது மில்லிமீட்டரு வுட்டிருக்கீங்க, வலது பக்கம் பதினாலு. லெட்டரு ஒருக்களிச்சிப் படுத்துகினு இருக்குது பாருங்க.”

ஆபீசர் அந்தக் கடிதத்தை எடுத்து டிராயரில் வைத்துப் பூட்டினார். மத்தியானத்துக்குள் பெயர் நிலைத்துவிட்டது. எங்களோடு டைப்பிஸ்டாக இருந்த கமலா கோயமுத்தூர்ப் பக்கம். மரியாதையாகப் பேசி மானத்தை வாங்குகிறவள். அவள்தான் பெயர் வைத்தாள். அந்த வாரமே அவள் தங்கச்சி கல்யாணப் பத்திரிகையை நீட்டியபோது, அவர் அதை அளந்துவிட்டு, “முருகரு மூணு மில்லிமீட்டரு தள்ளி நிக்கிறாரு. மாப்ள வூட்டுக்காரங்க பாத்தாங்களா?” என்றார்.

“ஏனுங், முருகனே தள்ளி நிக்கறாருன்னா நீங்களுந்தான் கொஞ்சம் தள்ளி நில்லுங்களே” என்றாள் கமலா.

அவர் பக்கங்களைப் படிக்கவே மாட்டார். தலைகீழாகப் பிடித்துக்கொண்டு நடப்பார். “எழுத்துன்றது சும்மா கறுப்புண்ணே. கறுப்பப் பாத்தா படிக்கத் தோணும். படிச்சா வெள்ளை தெரியாது. நடுவுல வுட்ட எடம் இருக்குது பாரு, அதான் வேலை” என்பார். வராந்தாவில் கயிறு கட்டித் துணி கிளிப்பால் பக்கங்களை மாட்டிவிட்டு, இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தபடி வெள்ளையைப் பார்ப்பார். யந்திரப் பகுதியிலிருந்து வந்தவர்கள், யாரோ ஆபீசில் துவைத்துக் காயப்போட்டிருக்கிறார்கள் என்று நினைத்துக் குனிந்து போவார்கள்.

தினமும் சொந்த ஊரிலிருந்து பஸ்ஸில் வந்துபோனார். பண்ருட்டி வழியாக வந்தால் கிட்டம். ஆனால் பண்ருட்டி பஸ் ஸ்டாண்டில் பஸ் நெடுநேரம் நிற்கும். அது அவரால் முடியாது. அதனால் கடலூர் போய், அங்கிருந்து குள்ளஞ்சாவடி, வடலூர் என்று சுற்றி வருவார்.

ஒரு முறை நல்ல காகிதம் வாங்க இரண்டு பேரும் கடலூர் போய்த் திரும்பினோம். எனக்கு ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பக்கத்து இடத்தில் என் பையை வைத்து அவருக்காகப் பிடித்தேன். அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பை உட்கார்ந்து வந்தது. குள்ளஞ்சாவடியில் கண்டக்டர் டீ குடிக்க இறங்கினார். மில்லிமீட்டர் இரண்டு முறை கடியாரத்தைப் பார்த்தார், மூன்று முறை ரோட்டைப் பார்த்தார், இறங்கி வடலூர்ப் பக்கமாக நடக்க ஆரம்பித்துவிட்டார்.

“சார், பஸ் இப்ப எடுத்துடுவான்!”

“எடுக்கட்டும்ண்ணே. நான் முன்னால போய்கினு இருக்கிறேன்.”

பஸ் கிளம்பிக் கொஞ்ச தூரம் போனதும், முன்னால் அவர் வேகவேகமாக நடந்துபோவது தெரிந்தது. எதிலோ ஜெயித்தவர் மாதிரி கையைக் காட்டி நிறுத்தினார். கண்டக்டர் அலுத்துக்கொள்ளவே இல்லை.

“தெனம் இதாங்க. ஒருநா மட்டும் ஆளக் காணோம். ஒடம்பு சரியில்லியோன்னு டிரைவருக்கு வண்டியே ஓடல.”

மிஷின் வேலைக்கு வருகிறேன். அதில் பக்கம் எப்படி வரும் என்பது திரையில் தெரியாது. பச்சையாக எழுத்து ஓடும், அவ்வளவுதான். ‘இது தலைப்பு’, ‘இந்தக் கட்டம் இத்தனை மில்லிமீட்டர் அகலம்’ என்று சாய்கோடு போட்டு நடுநடுவே நாம் உத்தரவு எழுத வேண்டும். எல்லாம் எழுதி முடித்து உள்ளே அனுப்பினால், மிஷின் தானே யோசித்து, வார்த்தைகளுக்கு நடுவில் இடத்தைப் பங்கிட்டு, இரண்டு ஓரமும் கத்தியால் வெட்டியது போல ஒரு பக்கத்தை வெளியே தள்ளும். முதல் பக்கம் வந்த அன்று செக்‌ஷனே கூடிவிட்டது. கமலா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டுதான் தொட்டாள்.

எனக்கு வந்த கஷ்டம் வேறு. டைப்ரைட்டரில் வரி முடியப்போகிறது என்றால் மணி அடிக்கும். மணி கேட்டதும் இடது கை தானாகப் போய்த் தள்ளும். இந்த மிஷினில் வரியை மடக்குவது அதன் வேலை. அதனால் மணி கிடையாது. நான் ஒரு வரி அளவுக்கு அடித்துவிட்டு, கையைத் தூக்கிக்கொண்டு காத்திருந்தேன்.

“இன்னாண்ணே, நின்னுட்ட?”

“மணி அடிக்கலை சார்.”

“மணியே இல்லண்ணே. நீ பாட்டுக்குப் போய்கினே இரு.”

மூளைக்குப் புரிந்தது. கைக்குப் புரியவில்லை. மில்லிமீட்டர் வெளியே போனார். என் சைக்கிள் மணியைக் கழற்றிக்கொண்டு வந்தார். எனக்குப் பின்னால் சுவருக்குச் சுவர் நடந்தபடி, திரும்பும்போதெல்லாம் ‘டிங்’ என்று அடித்தார். கை ஓட ஆரம்பித்தது. இரண்டு வாரம் இப்படியே அடித்தார். ஒரு நாள் நான் நாலு பக்கம் முடித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால் அறையில் ஆளே இல்லை. வாசலில் டீ குடித்துக்கொண்டிருக்கிறார்.

கை தேறிவிட்டது. ஆனால் மணியை அவர் ஞாபகமாகத் திருப்பித் தரவில்லை, எனக்குக் கேட்க வாய் வரவில்லை. மணி இல்லாத சைக்கிளில், ‘வழி விடுங்க’ என்று சொல்லக் கூச்சப்பட்டு, பேசிக்கொண்டே போன இரண்டு அம்மாக்களுக்குப் பின்னால் எங்கள் பிளாக்கிலிருந்து மெயின் பஜார் வரைக்கும் ஊர்ந்து போனேன். கடைசியில் அவர்கள்தான் திரும்பி, “ஏன் தம்பி, எங்களுக்குத் துணைக்கு வரியா?” என்றார்கள்.

புத்தகம் முந்நூறு பக்கத்தைத் தாண்டியது. மேலிடத்துப் பெரியவர்கள் வந்து பார்க்க நாள் குறித்தாகிவிட்டது. அதுவரை அட்டவணை இல்லாத பக்கங்களை மட்டும்தான் அனுப்பிப் பார்த்திருந்தோம். பெரியவர்கள் வர ஒரு வாரம் இருக்கும்போது, அட்டவணைகளோடு முழுப் புத்தகத்தையும் முதல் முறையாக உள்ளே அனுப்பினோம்.

திரையில் இங்கிலீஷில் ஒரு செய்தி வந்தது. ‘எண்ணைக் காணோம். பூஜ்யம் என்று வைத்துக்கொள்கிறேன்.’ அதே செய்தி மறுபடி வந்தது. மறுபடி, மறுபடி. மழைக்காலத்து ஈசல் மாதிரி திரை நிறையக் காணோம், காணோம் என்று வந்துகொண்டே இருந்தது. பக்கத்தை எடுத்துப் பார்த்தோம். கட்டத்தின் அகலத்தைப் பூஜ்யம் என்று வைத்துக்கொண்டதால், அட்டவணையின் கட்டங்கள் எல்லாம் ஒன்றின்மேல் ஒன்று ஏறி, பக்கத்தின் நடுவே ஒரு கறுப்புக் கட்டி. நெய்வேலியில் கரிக்குப் பஞ்சமில்லை. இருந்தாலும் அதைக் காகிதத்தில் வேறு எடுக்க வேண்டுமா?

“எண்ணு தோ இருக்குது! பன்னெண்டுன்னு பச்சையா தெரியுது! கண்ணு அவிஞ்சிபோச்சா உனக்கு?” என்று மில்லிமீட்டர் மிஷினிடம் சண்டை போட்டார்.

விசித்திரம் என்னவென்றால் எல்லா அட்டவணையும் கெடவில்லை. இருபது, இருபத்தைந்து மில்லிமீட்டர்க் கட்டங்கள் ஒழுங்காக நின்றன. பத்து, பன்னிரண்டு, பதினைந்து எல்லாம் கரியாகிவிட்டன. அவற்றில் ஒன்றை அவரே மறுபடி அடித்தால் சரியாக வந்தது. அடுத்ததை நான் அடித்தால் மறுபடி கரி.

“ஏனுங்ண்ணா, மிஷினுக்கு உங்களைக் கண்டாலே ஆகறதில்லையாட்ட இருக்குதுங்” என்றாள் கமலா. விளையாட்டாகத்தான் சொன்னாள். நான் கீ போர்டிலிருந்து கையை எடுத்துவிட்டேன்.

மில்லிமீட்டர் நடந்தார். முன்பெல்லாம் நடந்தது நடையே இல்லை என்று சொல்லும்படி நடந்தார். மிஷினுக்காகப் போட்ட ஏசியைக் குறை சொன்னார். ஒயரைக் குறை சொன்னார். கரண்டை ஊருக்கெல்லாம் அனுப்புகிற ஊரில் நின்றுகொண்டு கரண்டைக் குறை சொன்னார். அறைக்கும் வராந்தாவுக்குமாக நிமிஷத்துக்கு ஒரு முறை போய் வந்ததில் கதவு மூடவே இல்லை. ஏசி வெளியே போனது, சாம்பல் தூசி உள்ளே வந்தது. ஐந்து நாள் இப்படிப் போயிற்று. வீட்டில் அப்பா கடைசி மூட்டையாகச் சுவர்க் கடியாரத்தைக் கழற்றிக் கட்டிவிட்டார்.

பெரியவர்கள் வருவதற்கு முதல் நாள் காலை. மில்லிமீட்டர் கறுப்புக் கட்டி விழுந்த பக்கம் ஒன்றை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

“அண்ணே, நான் ஆபீசருகிட்ட போய் சொல்லிடறேன். மிஷினு சரியில்ல, என்னால ஆவலன்னு. உன் பேரு இதுல வராது. பயப்படாத.”

சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார். நான் என்ன செய்வது என்று தெரியாமல், கையில் இருந்த துணியால் மிஷினைத் துடைக்கப் போனேன். கீ போர்டைப் பார்த்ததும் துணி நின்றது. எல்லாக் கீயும் என் விரல் பட்டுப் பளபளவென்று இருந்தது. மேல் வரிசை இடது கோடியில் ஒரே ஒரு கீ மட்டும் தூசி படிந்து சாம்பல் பூசிக்கொண்டிருந்தது. துணியால் துடைத்தேன். ஒன்று என்ற எண்.

நான் அதை ஒரு முறைகூடத் தொட்டதில்லை.

எங்கள் டைப்ரைட்டரில் ஒன்று என்ற கீயே கிடையாது. எண்கள் இரண்டில்தான் ஆரம்பிக்கும். ஒன்று வேண்டும் என்றால் இங்கிலீஷ் ‘எல்’லின் சின்ன எழுத்தை அடிக்க வேண்டும், பார்க்க இரண்டும் ஒரே குச்சிதான். இன்ஸ்டிட்யூட்டில் முதல் மாதமே அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள். அதற்கப்புறம் ஒன்று என்று மனம் நினைத்தால் வலது கை மோதிர விரல் ‘எல்’லுக்குப் போய்விடும். அந்தப் பச்சைத் திரையிலும் இரண்டும் ஒரே குச்சி. மில்லிமீட்டரோ எண்களுக்கென்று வலது ஓரத்தில் தனியாக இருந்த கீகளில்தான் அடிப்பார். மிஷின் ஐந்து நாளாக உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. எண் அங்கே இல்லை. நான் போடவில்லை.

சொன்னால் என் பர்மனென்ட் போய்விடும். ஆபீசர் அந்த நிமிஷமே கமலாவை உட்காரவைப்பார். சத்தம் போடாமல் நானே திருத்திவிடலாம் என்றால், முந்நூறு பக்கத்தை ஒரே நாளில் தனியாளாக முடியாது. அதற்குள் அவர் போய் மிஷின் மேல் பழியைப் போட்டு, அதைத் தன் தலையில் ஏற்றிக்கொண்டு வந்துவிடுவார். வராந்தாவைப் பார்த்தேன். அவர் ஒரு சுற்று நடந்துவிட்டு வந்திருந்தார்; ஆபீசர் அறைக்கு இன்னும் பத்தடி.

“சார்! நில்லுங்க!”

என் தொண்டையில் அப்படி ஒரு சத்தம் இருப்பது எனக்கே அன்றுதான் தெரியும். வராந்தாவில் போனவர்கள் எல்லாம் நின்றுவிட்டார்கள்.

“இன்னாண்ணே?”

“தப்பு என் விரல்ல சார்.”

“விரல்ல இன்னா? அடி பட்டுச்சா?”

சொன்னேன். ஒன்றைப் பற்றி, ‘எல்’லைப் பற்றி, தூசியைப் பற்றி. கேட்கக் கேட்க அவர் கால் நடப்பதை நிறுத்தியது. பையில் இருந்த பக்கத்தை எடுத்தார். வாழ்க்கையில் முதல் முறையாக நேராகப் பிடித்துப் படித்தார். பிறகு பக்கத்தில் இருந்த பெஞ்சில் மெதுவாக உட்கார்ந்தார்.

“ஐயோ! மில்லிமீட்டர் உக்காந்துட்டாருங்!” என்று கமலா அலறினாள்.

யாரோ தண்ணீர் கொண்டுவந்தார்கள். யாரோ செருப்பைக் கழற்றி உள்ளங்காலைத் தேய்த்தார்கள். ஆபீசர் அறையிலிருந்து ஓடிவந்து, “ஆஸ்பத்திரிக்கு போன் போடுய்யா!” என்றார். மில்லிமீட்டர் உட்கார்ந்தபடி அப்படிச் சிரித்தார், குலுங்கிக் குலுங்கி. வலிப்பு என்று நினைத்து ஒருவர் சாவிக்கொத்தை நீட்டினார்.

ஐந்து நிமிஷம் கழித்து விஷயம் ஆபீசருக்குப் புரிந்தது. முகம் மாறியது.

“யார் பண்ண தப்பு இது?”

“நான்தான் சார்” என்றேன்.

“ஒண்ணுக்கும் எல்லுக்கும் வித்தியாசம் தெரியாத ஆளை நான் பர்மனென்ட் பண்ணணுமா? கமலா, இனிமே நீ உக்காரு.”

மில்லிமீட்டர் எழுந்தார். “சார், நீங்க டைப்பிஸ்டா இருந்தவருதானுங்களே?”

“இருந்தவரா? கண்ணை மூடிக்கிட்டு அடிப்பேன்யா.”

“கண்ண மூடிகினே பதினொண்ணுன்னு நம்பருல அடிச்சிக் காட்டுங்க சார். ஒருவாட்டி.”

ஆபீசருக்கு ரோஷம் வந்துவிட்டது. தன் அறையில் இருந்த டைப்ரைட்டர் முன்னால் போய் நின்று, கண்ணை மூடி, டக் டக் என்று அடித்தார். பதினொன்று விழுந்தது.

“எந்தக் கீய அமுக்கினீங்க சார்?”

“ஒண்ணைத்தான்.”

“எங்க, காட்டுங்க.”

ஆபீசர் விரலை நீட்டினார். விரல் மேல் வரிசையில் இடமிருந்து வலம் போயிற்று. வலமிருந்து இடம் வந்தது. இரண்டில் வந்து நின்றது.

“சர்வீசுல சேந்ததுலருந்து நீங்க ஒரு ஒண்ணாந்தேதிகூடப் போட்டதில்ல சார்” என்றார் மில்லிமீட்டர், ரொம்பப் பணிவாக.

கமலா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு வெளியே ஓடினாள். ஆபீசர் டைப்ரைட்டரின் மேல் அதன் உறையை எடுத்துப் போட்டு, நாலு பக்கமும் இழுத்துவிட்டார்.

“செல்லையா, நாளைக்கு மத்தியானத்துக்குள்ள மாத்தி முடி. எல்லாரும் உதவி பண்ணுங்க. இந்த விஷயம் இந்த ரூமைத் தாண்டக் கூடாது.”

ஒரே உத்தரவில் எல்லாவற்றையும் மாற்றச் சொல்ல முடியாது. சொன்னால் ‘போல்ட்’டிலும் ‘ஆயில்’லிலும் இருக்கிற ‘எல்’லையும் மிஷின் ஒன்று என்ற எண்ணாக மாற்றிவிடும். அதனால் கமலாவும் செக்‌ஷனில் இருந்த இன்னும் இருவரும் பக்கங்களைப் பங்கிட்டுக் குறித்துக் கொடுத்தார்கள். மில்லிமீட்டர் நடந்தபடி சத்தமாகச் சொல்ல, நான் அடித்தேன். இடது கை சுண்டுவிரலை ஒவ்வொரு முறையும் கையைப் பிடித்துக் கூட்டிப்போவது போல அந்த மூலைக்குக் கூட்டிப்போனேன். சாயங்காலச் சங்கு ஊதும்போது முடிந்துவிட்டது. உள்ளே அனுப்பினோம். திரை ஒன்றும் சொல்லவில்லை. ஒரு கட்டம்கூட இடியாமல், முந்நூறு பக்கமும் வந்து விழுந்தது.

மறுநாள் வந்த பெரியவர்களில் ஒருவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நாலு பக்கம் புரட்டினார்.

“எந்த ஊர் பிரஸ்ல அடிச்சீங்க?”

ஆபீசர் என்னைக் காட்டினார். நான் வழக்கம்போலப் பின்னால் திரும்பிப் பார்த்தேன்.

பர்மனென்ட் ஆர்டர் வரச் சில வாரம் ஆயிற்று. செய்தி கேட்ட அன்று அப்பா, “நெசமாவால? அப்ப மூட்டைய அவுக்கலாமால?” என்று மூன்று முறை கேட்டுவிட்டு, முதலில் சுவர்க் கடியாரத்தை எடுத்து மாட்டினார்.

மில்லிமீட்டர் அதற்குள் போய்விட்டார். பெரியவர்கள் பாராட்டி முடிப்பதற்குள், டீ வருவதற்குள், யாரிடமும் சொல்லாமல் கிளம்பிவிட்டார். சாயங்காலம் சைக்கிளை எடுக்கப் போனேன். ஹேண்டில்பாரில் மணி இருந்தது. முன்னால் இருந்த இடத்தில் இல்லை; கட்டைவிரல் தானாகப் போய் விழுகிற இடத்துக்குக் கொஞ்சம் நகர்த்திப் பூட்டியிருந்தார். எத்தனை மில்லிமீட்டர் என்று நான் அளக்கவில்லை.

இப்போதும் கடலூரிலிருந்து திரும்பும்போது குள்ளஞ்சாவடியில் பஸ் நிற்கும். கிளம்பியதும் நான் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, முன்னால் யாராவது வேகமாக நடந்துபோகிறார்களா என்று பார்ப்பேன். பக்கத்து இடத்தில் பையை வைத்துப் பிடித்துவைப்பேன். அவர் உட்காரமாட்டார் என்று எனக்குத் தெரியும். இருந்தாலும், வடலூர் தாண்டுகிறவரை நான் பையை எடுப்பதில்லை.